நோட்டீஸில் இல்லாத இருவர்

பிப்ரவரி 11

மிளகுக்கு அண்ணி எழுதுவது.

கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். நீ எங்களை விட்டுப் போய் ஆறு வருஷமாகிறது. நாங்கள் இருவரும் சுகம். நீ சுகமா என்று கேட்க வேண்டியதில்லை, உன் முகத்தைத்தான் நோட்டீஸில் பார்த்துவிட்டேனே. கன்னம் ஒட்டிப்போய்க் கிடக்கிறது. போனில் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் முதலில் அழுவேன், பிறகு கத்துவேன், கடைசியில் எதற்குக் கூப்பிட்டேன் என்பதே மறந்துபோகும். காகிதம் என்றால் குறுக்கே பேச ஆள் இல்லை.

நீ சட்டசபைத் தேர்தலுக்கு நிற்பது எங்களுக்குத் தெரியும். இந்தக் கம்பெனிக் குடியிருப்பில் பாதிப் பேருக்கு ஓட்டு இன்னமும் நம் பழைய ஊரில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டு வெல்டர் நேற்று ஊருக்குப் போய்வந்தவர், உன் நோட்டீஸ் ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"அக்கா, உங்க ஊர்ப் பொண்ணாம். நல்லாப் பேசுதாம்."

உங்க ஊர்ப் பொண்ணாம்! நீ எங்களுக்கு யார் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. உன் அண்ணன் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அதனால் "அப்படியா" என்று வாங்கிக்கொண்டேன்.

உள்ளே வந்து படித்தேன். "சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, ஆதரவு என்று சொல்ல ஒருவரும் இல்லாமல், தெருவிளக்கின் அடியில் படித்து வளர்ந்தவர். பன்னிரண்டாம் வயதிலேயே நாற்பத்தெட்டு வீடுகளின் குழாய் வரிசையை ஒழுங்குபடுத்திக் காட்டியவர்."

பெற்றோரை இழந்தது நிஜம். அதற்கு மேலே ஒன்றுமே நிஜமில்லை. நம் வீட்டில் நாற்பது வாட் பல்பு இருந்தது. நீ படிக்க வேண்டும் என்று அதன் ஒயரை நீட்டி, மேசைக்கு மேலே தாழ்த்திக் கட்டியவர் உன் அண்ணன். நான் கல்யாணமாகி வந்தபோது உனக்கு ஒன்பது வயது, தலை நிறையப் பேன். அதை எடுத்து முடிக்கவே எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. ஒருவரும் இல்லையாமே, பேன் தானாகவா இறங்கிப் போனது?

அந்தக் குழாய் நோட்டு யாருடையது? கோடு போட்டது யார்? நோயாளி இருக்கிற வீடு முதலில், வேலைக்குப் போகிறவர்கள் அடுத்து, குடத்தால் இடித்துச் சண்டை போட்டவர்கள் கடைசியில் என்று எழுதினது யார்? ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். விட்டுப்போன எழுத்தைத் திரும்பப் பிடித்ததே பிரார்த்தனைப் புத்தகத்திலும் அந்த நோட்டிலும்தான். சாயங்காலம் குழாயடியில் நின்று மறுநாள் வரிசையை உரக்கப் படிப்பேன். ஒவ்வொரு வீட்டுக்காரியும் "சரி" என்று சொன்ன பிறகுதான் நோட்டை மூடுவேன். வராதவர்களிடம் நீ நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவாய். ஓடினது நீதான், அதை நான் மறுக்கவில்லை.

உன் அண்ணனும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "அச்சு நல்லா விழுந்திருக்கு" என்றார். அவ்வளவுதான். எனக்குத்தான் ஆறவில்லை.

தினமும் பிரார்த்தனையில் மூன்று பேருக்காகக் கேட்பேன். நீ இரண்டாவது. இந்த ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட வரிசை மாறவில்லை. நான் இல்லாதவள் என்றால் அந்தப் பிரார்த்தனையும் இல்லாததுதானா? கடவுளிடம் யார் பேசிக்கொண்டிருந்தது?

அந்த வரியை எடுத்துவிடு. வேறொன்றும் நான் கேட்கவில்லை.

அண்ணி


பிப்ரவரி 15

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. நோட்டீஸ் முப்பதாயிரம் அச்சாகி, பாதிக்கு மேல் வீடுகளுக்குப் போய்விட்டது. இனி மாற்ற முடியாது. எழுதியவர் எங்கள் தேர்தல் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஆனால் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்னது நான்தான், பழி அவருக்கு வேண்டாம்.

அந்த வரியை இப்படியே விட்டுவிடுங்கள். காரணம் கேட்காதீர்கள். இதைப் பற்றி அண்ணனிடமும் பேச வேண்டாம்.

இவ்வளவோடு நிறுத்தலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் ஒருவரும் இல்லை என்று எழுதியது அவ்வளவு பெரிய பொய்யா, அண்ணி? கம்பெனி கிடங்கு கட்டுவதற்காகப் பின்தெருவைக் காலிசெய்யச் சொன்னபோது நூற்றுப்பன்னிரண்டு குடும்பங்களோடு நான் கேட் முன்னால் உட்கார்ந்தேன். டைம் ஆபீஸிலிருந்து எழுந்து வந்து அந்தக் கேட்டைச் சாத்தியவர் என் அண்ணன். அவர் வேலை அது, புரிகிறது. பதினோரு நாளில் கம்பெனி இறங்கிவந்தது, தெரு பிழைத்தது. அதற்காக அவரை அந்த ஊர்க் கிளைக்குத் தூக்கியடித்தார்கள். உத்தரவு வந்த அன்று அண்ணன் என்னிடம் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். "இனிமே இந்த வாசப்படி ஏறாத."

அப்போது நீங்கள் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தீர்கள். நான் உங்களைத்தான் பார்த்தேன். நீங்கள் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

தேர்தலுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. வேலை கழுத்தை நெரிக்கிறது. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள்
மிளகு


பிப்ரவரி 24

மிளகுக்கு,

மதிப்பிற்குரிய அண்ணியாம். ஒன்பது வயதில் என் மடியில் தலை வைத்துக்கொண்டு "அண்ணி வேண்டாம், அக்கான்னு கூப்பிடவா" என்று கேட்டவள் நீ. போகட்டும்.

அடுப்படியில் நின்றதைக் கேட்டாய், பதில் சொல்கிறேன். பயம். உனக்காகப் பேசினால் அவரும் போவார், நீயும் போவாய், எனக்கு ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள் என்று பயந்தேன். பேசாமல் இருந்து ஒருத்தரையாவது மிச்சப்படுத்திக்கொண்டேன் என்று நினைத்தேன். மிஞ்சின ஒருத்தர் அதற்கப்புறம் நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. என் தப்புதான் அது. ஆறு வருஷமாக யாராவது கேட்டால் ஒத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன், நீ கேட்டுவிட்டாய்.

ஆனால் நோட்டீஸ் விஷயத்தில் நான் உன் பேச்சைக் கேட்கவில்லை. வெல்டர் இருநூறு நோட்டீஸ் ஒரே கட்டாகக் கொண்டுவந்திருந்தார், இங்கே ஓட்டு உள்ளவர்களுக்குக் கொடுக்க. "நான் குடுக்கறேன் தம்பி, எனக்கு எல்லா வீடும் தெரியும்" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். உன் அண்ணன் வேலைக்குப் போன பிறகு நாளைக்கு ஐம்பதாக நாலு நாள் உட்கார்ந்தேன். நீல மையால் "ஆதரவு என்று சொல்ல ஒருவரும் இல்லாமல்" என்பதை அடித்தேன். மேலே "அண்ணனும் அண்ணியும் வளர்க்க" என்று எழுதினேன். இடம் கொஞ்சம்தான், ஆனாலும் நுணுக்கி எழுதினால் பிடிக்கிறது. தெருவிளக்கையும் அடித்து "வீட்டு விளக்கு" ஆக்கினேன். சும்மா அண்ணன் என்றால் யார் நம்புவார்கள்? அதனால் ஓரத்தில் அவர் பெயரும் "டைம் ஆபீஸ்" என்றும் போட்டேன். எண்பதுக்கு மேல் எழுத்து கோணிவிட்டது, கை வலி.

வீடு வீடாகக் கொடுத்தும் விட்டேன். வெல்டர் சம்சாரம் வாயைப் பிளந்துவிட்டாள். "அக்கா, உங்க நாத்தனாரா! இத்தனை நாளா மூச்சு விடலையே!" என்றாள். மேல்மாடி லாரி டிரைவர், "நான் அந்தப் பக்கம் ஓட்டுப் போடலாம்னு இருந்தேன். டைம் ஆபீஸ்காரர் தங்கச்சின்னா யோசிக்கணும். அவர் ஒரு நிமிஷம் லேட்டா வந்தாலும் எழுதுவார், ஆனா பொய்யா எழுத மாட்டார்" என்றார். பார்த்தாயா? நிஜத்தைச் சொன்னால் ஓட்டு குறையாது. உன் கணக்கு வாத்தியாருக்குச் சொல்.

உன் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. ஊரே சொல்லிவிடும், நான் எதற்கு.

அண்ணி


பிப்ரவரி 27

அண்ணி,

உடனே நிறுத்துங்கள். கொடுத்ததில் எத்தனை திரும்ப வாங்க முடியுமோ வாங்கிவிடுங்கள்.

காரணம் கேட்காதீர்கள் என்று எழுதியது என் முட்டாள்தனம். உங்களிடம் காரணம் சொல்லாமல் எது நின்றிருக்கிறது? இப்போது சொல்கிறேன்.

ஜனவரி பத்தொன்பதாம் தேதி அண்ணன் கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு லீவு போட்டிருப்பார். அவர் போனது டாக்டரிடம் இல்லை. என்னிடம் வந்தார். நான் வேட்புமனு கொடுக்கப் போவதைப் பேப்பரில் பார்த்திருக்கிறார். எங்கள் அலுவலகத்துக்குள் வரவில்லை, பேருந்து நிலையத்திலேயே உட்கார்ந்துகொண்டு ஆள் அனுப்பினார். நான் போனபோது பெஞ்சின் ஓரத்தில், முழங்காலின் மேல் பையை வைத்துக்கொண்டு இருந்தார். ஆறு வருஷத்தில் தலை முழுக்க வெளுத்துவிட்டது.

"ஜெயிச்சுருவியா?" என்றார்.

"தெரியல அண்ணா."

"எதிர்ல நிக்கறவனுக்குப் பின்னாடி எங்க முதலாளிதான் இருக்காரு. அது உனக்குத் தெரியும். எனக்கு ரிடயர் ஆக இன்னும் பதினாலு மாசம். குவார்ட்டர்ஸ் அதுவரைக்கும்தான், அதுக்கு மேல அண்ணி பேர்ல ஒரு செங்கல் கிடையாது. நீ எங்க பேசினாலும் என்னை விட்ரு. என் பேரு வேண்டாம்."

சரி என்றேன். பிறகு நீங்கள் கட்டிக் கொடுத்திருந்த சாப்பாட்டைப் பிரித்தார். பாதியை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினார். அன்று அதைச் சாப்பிட்டது நான்தான், அண்ணி. உப்புச் சரியாக இருந்தது. உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். உங்களுக்குத் தெரிந்தால் பயப்படுவீர்களாம்.

இன்னொன்றும் எழுத வேண்டும், இல்லையென்றால் இந்தக் கடிதமும் நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும். அண்ணன் கேட்டது தன் பெயர் வேண்டாம் என்று மட்டும்தான். ஒருவரும் இல்லை என்று சொல்லச் சொல்லவில்லை. அது நான் சேர்த்தது. முதல் கூட்டத்தில் பெற்றோர் இல்லை என்று சொல்லி நிறுத்தினேன். அடுத்த வாக்கியத்தில் நீங்கள் இருவரும் வர வேண்டும், வரக் கூடாது. அந்த இடைவெளியில் முன்வரிசையில் ஒரு காய்கறிக்காரம்மா முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அடுத்த கூட்டத்தில் அதே இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தினேன். மூன்றாவதில் "யாரும் இல்லை" என்று வாயாலேயே சொன்னேன். வாத்தியார் அதை எழுதிக்கொண்டுவந்தபோது எனக்கே அது நிஜம் போல இருந்தது.

குடியிருப்போர் சங்கத்தில் இருபது வருஷமாக உங்கள் வழக்கம்தான் என் வழக்கம். ஒரு வீட்டைப் பற்றி எழுதினால் அந்த வீட்டிலேயே உரக்கப் படித்துக்காட்டி, அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் வெளியே அனுப்புவேன். நூற்றுப்பன்னிரண்டு வீட்டுக்குப் படித்துக்காட்டியவள், ஒரே ஒரு வீட்டுக்குப் படித்துக்காட்டவில்லை.

தயவுசெய்து நிறுத்துங்கள்.

மிளகு


மார்ச் 3

மிளகுக்கு,

உன் கடிதம் வருவதற்கு ஒரு நாள் முன்பே விஷயம் மேனேஜர் மேசைக்குப் போய்விட்டது. நீல மை போட்ட நோட்டீஸ், என் கையெழுத்தோடு.

உன் அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மேனேஜர் கத்தவில்லையாம். உட்காரச் சொல்லி, காபி வரவழைத்து, ஒரு தாளை நீட்டினாராம். தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் படித்துவிட்டு, ஒன்பதாம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றாராம். "மேற்படி வேட்பாளருக்கும் எனக்கும் எவ்வித உறவும் கிடையாது. என் பெயரைப் பயன்படுத்தியிருப்பது என் அனுமதியின்றி நடந்தது." போட்டால் அதை அச்சடித்து உன் தொகுதியில் கொடுப்பார்கள். போடாவிட்டால், ஒரு வருஷம் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், குவார்ட்டர்ஸும் ஏப்ரலோடு காலி.

சாயங்காலம் வந்து தாளை மேசையில் வைத்தார். பக்கத்திலேயே என் நீல மை நோட்டீஸையும் வைத்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை. நான் செய்த வேலை, மிளகு. நிஜத்தைத்தான் எழுதினேன், ஆனால் யாருக்கும் படித்துக்காட்டாமல் எழுதினேன். நீ செய்த அதே தப்பு. நீ என்னிடம்தானே கற்றுக்கொண்டாய்.

மறுநாள் உன் கடிதம் வந்தது. படித்துவிட்டு அவர் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன்.

"கண் டாக்டர் என்ன சொன்னாரு?"

"எந்த டாக்டர்?"

"ஜனவரில பார்த்தீங்களே. பஸ் ஸ்டாண்டுல க்ளினிக் வெச்சிருக்காரே, அவரு. மூடியில பாதிச் சாப்பாடு குடுத்தா கண் நல்லாத் தெரியுமாமே."

ஒரு செருப்போடு அப்படியே நின்றார். பிறகு, "எழுதிட்டாளா?" என்றார். பிறகு சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார். அவர் பல் பார்த்து எத்தனை நாளாயிற்று தெரியுமா. எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் குழந்தை மாதிரி ஏமாற்றியிருக்கிறீர்கள். நான் பயப்படுவேனாம்! பயந்தவள்தான், ஒரு தடவை. அதற்காகக் காலம் முழுவதுமா?

தாள் மேசையிலேயே கிடக்கிறது. அவர் அதைத் தொடுவதும் இல்லை, கிழிப்பதும் இல்லை. என்னிடம் கேட்கவும் இல்லை. நான் சொல்லும் நிலையிலா இருக்கிறேன்? நீ என்ன நினைக்கிறாய், எழுது. சீக்கிரம்.

அண்ணி


மார்ச் 6

அண்ணி,

கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

யோசிக்காமல் எழுதவில்லை. வாத்தியாரிடமும் பேசவில்லை. இது ஓட்டு விஷயமில்லை, உங்கள் வீட்டு விஷயம். சட்டசபைக்குப் போகாவிட்டால் எனக்கு ஒன்றும் போகாது. மறுநாள் காலையில் பின்தெருவில் சாக்கடை அடைப்புக்காக மனு எழுதப் போவேன், அதற்கு எம்.எல்.ஏ. ஆகியிருக்க வேண்டும் என்று இல்லை. முப்பத்திரண்டு வருஷம் வேலை செய்த அண்ணனைக் கடைசி வருஷத்தில் தெருவில் நிற்க வைத்துவிட்டு, வீட்டு உரிமையைப் பற்றி நான் யாரிடம் பேச முடியும்?

அவர் போடட்டும். நான் மறுக்க மாட்டேன். நோட்டீஸில் ஏற்கனவே ஒருவரும் இல்லை என்றுதான் இருக்கிறது. இவர்கள் அச்சடிப்பதிலும் அதேதான் இருக்கும். இரண்டும் பொருந்திப்போகும். என் பொய் கையெழுத்தோடு நிஜமாகிவிடும், அவ்வளவுதான். நான் ஆரம்பித்தது என்னிடமே வந்து முடிவது நியாயம்தானே.

எனக்கு வருத்தமாக இருக்காது என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் தாங்கிக்கொள்வேன். கேட் சாத்தும் சத்தத்தைக் கேட்டவள் நான், அதைவிடத் தாள் லேசு.

அண்ணனுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள்.

மிளகு


மார்ச் 10

மிளகுக்கு,

படித்துக் காட்டினேன். எட்டாம் தேதி, பிரார்த்தனை முடிந்த கையோடு. அவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். "தாள் லேசு" என்ற இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு "அதையும் படி" என்றார்.

கம்பெனித் தாளை எடுத்தேன். எனக்குத் தட்டச்சு எழுத்துப் படிக்கக் கஷ்டமில்லை, ஆனால் வாய்க்குள் முணுமுணுத்துப் படிக்க எனக்கு வராது. குழாயடிப் பழக்கம், உரக்கத்தான் வரும். "மேற்படி வேட்பாளருக்கும் எனக்கும் எவ்வித உறவும் கிடையாது." படித்து நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. படித்தால் நிறுத்த வேண்டும், எதிரில் இருப்பவர் சரி சொல்ல வேண்டும், பிறகுதான் அடுத்த வரி. என் நாக்குக்கு வேறு தெரியாது.

அவர் சரி சொல்லவில்லை. நான் காத்திருந்தேன். பக்கத்து வீட்டில் குக்கர் மூன்று தடவை கூவிவிட்டது.

"அடுத்த வரி இருக்குங்க" என்றேன்.

"வேண்டாம். முதல் வரியே தாண்ட மாட்டேங்குது" என்றார்.

நேற்றுக் காலை குளித்து, இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். வந்து அவரே சொன்னது இது. பத்து வார்த்தைக்கு மேலே வந்ததால் அப்படியே எழுதுகிறேன்.

"மேனேஜர், யோசிச்சீங்களான்னு கேட்டாரு. யோசிச்சேன் சார், அவ என் தங்கச்சிதான்னேன். ஆறு வருஷம் முன்னாடி அவ மூஞ்சி மேலயே கேட்டைச் சாத்துனீங்களே, அப்ப எங்க போச்சு தங்கச்சின்னாரு. கேட்டைச் சாத்துனது வேலை சார். இது வேலை இல்ல. அப்படின்னுட்டு தாளைத் திருப்பிக் குடுத்துட்டேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"காபி ஆறிடுச்சுன்னாரு."

ஏப்ரல் முடியும் முன் காலி செய்ய வேண்டும். உத்தரவு இன்று வந்துவிட்டது. நான் பயப்படவில்லை என்று எழுத ஆசைதான். கட்டி வைக்கக் கரண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன், மூன்று தடவை எண்ணியும் மூன்று விதமாக வந்தது. ஆனால் உன் அண்ணன் மத்தியானம் தூங்கினார், குறட்டை விட்டுத் தூங்கினார்.

இனி எங்களுக்காக நீ எதையும் மறைக்க வேண்டாம். சொல்வதும் விடுவதும் உன் இஷ்டம். நான் பேனா எடுக்க மாட்டேன், சத்தியம்.

அண்ணி


மார்ச் 28

அண்ணிக்கும் அண்ணனுக்கும்,

பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அறுநூற்று முப்பத்தெட்டு ஓட்டில் தோற்றுவிட்டேன். உடனே எழுத வேண்டும் என்று நினைத்தேன், வருகிறவர்களுக்கு நன்றி சொல்லவே இரண்டு நாள் போய்விட்டது. தோற்றவளைப் பார்க்க ஜெயித்தவனைவிட அதிகம் பேர் வருகிறார்கள்.

கடைசிக் கூட்டத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்படும் முன் நானே எழுதிவிடுகிறேன். சந்தை மைதானத்தில், மார்ச் பதினேழு. மேடையில் நோட்டீஸை எடுத்து உரக்கப் படித்தேன். அந்த வரி வந்ததும் நிறுத்தினேன். வாத்தியார் பின்னால் தலையில் கை வைத்துக்கொண்டது எனக்குத் தெரியும், அவர் நாற்காலி கிறீச்சிட்டது.

"இதுல ஒரு வரி பொய்" என்றேன். "என்னை எங்க அண்ணனும் அண்ணியும் வளர்த்தாங்க. குழாய் நோட்டு எங்க அண்ணியோடது. நான் தூக்கிக்கிட்டு ஓடுனேன், அவ்வளவுதான். இதைப் படிச்சு, சரின்னு சொல்லி அச்சடிச்சது நான்."

முன்வரிசையில் அதே காய்கறிக்காரம்மா எழுந்தார்.

"அப்ப போன மாசம் நான் அழுதது?"

"எங்க அண்ணிக்காக அழுததா வெச்சுக்குங்கம்மா."

"அதுவும் சரிதான். உன்னை வளர்க்கறதுன்னா சும்மாவா."

சிரித்தார்கள். ஆனால் எல்லாரும் சிரிக்கவில்லை. பின்னால் ஒரு கூட்டம் எழுந்து போனது. ஒரு பெரியவர் நோட்டீஸை மடித்து மேடை ஓரத்தில் வைத்துவிட்டு, "இதையாவது நெசமா எழுதியிருக்கலாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதுதான் இன்னமும் காதில் இருக்கிறது. மறுநாளே எதிர்ப்பக்கம் "பொய்யை ஒப்புக்கொண்ட வேட்பாளர்" என்று சுவரெல்லாம் ஒட்டிவிட்டது.

தோற்றது அதனால்தானா என்று வாத்தியாரைக் கேட்டேன். மனிதர் ஒவ்வொரு வாக்குச்சாவடியாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கு விடை வராதும்மா" என்றார். எனக்கும் வரவில்லை. பின்தெருவில் விழுந்த ஓட்டில் இரண்டைத் தவிர எல்லாம் எனக்கு. அந்த இரண்டு பேர் யார் என்று தெருவே தேடிக்கொண்டிருக்கிறது, நான் தேட வேண்டாம் என்று தடுத்து வைத்திருக்கிறேன்.

எனக்கு இப்போது இருக்கிற கவலை ஒன்றுதான். எங்கே போவீர்கள்? என்னிடம் ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும்தான் இருக்கிறது. நான் அலுவலகத்தில் படுத்துக்கொள்வேன். வந்துவிடுங்கள். வீட்டை இழக்க வைத்தவள் கூப்பிடுகிறாள் என்று நினைக்காதீர்கள். தங்கச்சி கூப்பிடுகிறாள்.

பதில் வரும்வரை ஏணி மேல் நிற்பது போல இருக்கும்.

மிளகு


ஏப்ரல் 7

மிளகுக்கு,

ஒரு அறையில் மூன்று பேர் இருந்தால் நாலாம் நாள் நீயும் நானும் சண்டை போடுவோம், ஐந்தாம் நாள் உன் அண்ணன் மறுபடி மௌன விரதம் ஆரம்பிப்பார். அது வேண்டாம். ஆனால் கூப்பிட்டாயே, அந்தப் பக்கத்தை மட்டும் அவர் இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

கோபிக்காமல் கேள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் உன் ஊருக்கு வந்திருந்தோம். வீடு பார்க்க. உன்னிடம் சொல்லலாம் என்றேன், அவர்தான், "வீடு அமையட்டும். அதுக்கு அப்புறம் போவோம். போய் அவ தலையில விழுந்த மாதிரி இருக்கக் கூடாது" என்றார். வீம்பு எங்கே போகும், உங்கள் வீட்டு ரத்தம்.

ஆனாலும் உன் அலுவலகம் இருக்கிற தெரு வழியாகத்தான் கூட்டிக்கொண்டு போனார். சுற்றுவழி. எதிர்ப்பக்கம் மருந்துக் கடை வாசலில் நின்றோம். நீ ஸ்டூல் மேல் ஏறி ட்யூப் லைட் மாற்றிக்கொண்டிருந்தாய். ஸ்டூல் ஒரு பக்கமாக ஆடியது.

"பிடிக்க ஒரு ஆளில்ல பாரு" என்றார்.

"போய்ப் பிடிங்களேன்" என்றேன்.

போகவில்லை. ஆனால் நீ இறங்கி, சுவிட்சைப் போட்டு, லைட் எரிந்த பிறகுதான் காலை எடுத்து வைத்தார். மருந்துக் கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டதற்குத் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டார். அவருக்குத் தலைவலியே இல்லை.

வீடு அமைந்துவிட்டது. பின்தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஒரு அறை, ஒரு சின்ன அடுப்படி. தண்ணீர் நாள் விட்டு நாள்தான் வருகிறதாம், கீழ்வீட்டுப் பெண் சொன்னாள், சொன்ன விதத்திலேயே அங்கே சண்டை இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அதை வந்து பார்த்துக்கொள்கிறேன். இருபத்தொன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை சாமான் வருகிறது. நீ வர வேண்டும், அலமாரியைத் தூக்க உன் அண்ணனால் முடியாது, முடியும் என்று சொல்வார்.

வீட்டுத் தரகர் ஒரு ஃபாரம் கொடுத்தார். உன் அண்ணன்தான் பெயர், வயது, முன்னால் இருந்த இடம் எல்லாம் எழுதினார். "இந்த ஊரில் உங்களுக்கு யாரைத் தெரியும்" என்று ஒரு கட்டம். நான் உன் அண்ணனைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேனா நிற்கவே இல்லை. உன் முழுப்பெயரையும் எழுதி, பக்கத்தில் "தங்கை" என்று எழுதினார்.

தரகர் ஃபாரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இந்தம்மாவா? எலெக்ஷன்ல நின்னாங்களே? எங்க தெருவுக்கும் நோட்டீஸ் வந்துச்சுங்க. அவங்களுக்கு யாருமே இல்லைன்னுல்ல போட்டிருந்துச்சு?"

உன் அண்ணன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"தப்பாப் போட்டுட்டாங்க. நாங்க ரெண்டு பேர் இருக்கோம்."

அண்ணி